ஒரு அடி மரைன் டேங்க்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு அடி உள்ள, கடல் உயிர்கள் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி கணக்குப்படி சுமார் 28 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போட்டு மேலே கொஞ்சம் இடம் விட்டால் உள்ளே நிற்பது 20 லிட்டர்தான், அதாவது வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் ஒன்று. அந்த ஒரு கேனில் மீன், இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, நாலடி ரீஃப் டேங்க், அதாவது பெரிய பவளத் தொட்டி, நடக்கிற மாதிரியே இதுவும் நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் பிரச்சினை வரத்தான் செய்யும். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். அளவுக்கு மீறி, அவசரமாக உயிர்களைப் போட்டிருப்பீர்கள், இல்லையென்றால் உப்பு ஏறி இறங்கியிருக்கும். அதனால் கீழே பல இடங்களில் நான் சொல்லும் தீர்வு 'இதை வாங்கி ஊற்றுங்கள்' என்று இருக்காது, 'அதைப் பிடித்துக் கடையில் திருப்பிக் கொடுங்கள்' என்றுதான் இருக்கும்.

சென்னை, தூத்துக்குடி மாதிரி சூடும் புழுக்கமும் உள்ள ஊரை மனதில் வைத்துத்தான் இதெல்லாம் எழுதுகிறேன். ஊட்டிக்காரர்கள் ஹீட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் அளந்துவிட்டு வாருங்கள்

உப்பு 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு, இருக்க வேண்டும், அடர்த்தி எண்ணில் சொன்னால் 1.026. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள், முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரில் உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்ததோடு விடாமல், 35 பிபிடி காலிபரேஷன் திரவம் ஒரு சொட்டு விட்டுச் சரிபாருங்கள். சூடு 25 முதல் 27 டிகிரி, 28 வரை போனாலும் பரவாயில்லை. மீன் கழிவில் இருந்து உண்டாகும் விஷங்களான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். இது மூன்றும் சரியாக இருந்தால்தான் அடுத்த ஆராய்ச்சிக்கே போக வேண்டும்.

உப்பை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மே மாதத்தில் டேங்க்குக்கு மேலே குட்டி ஃபேன் ஓடினால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் போவது சாதாரணம். 20 லிட்டரில் ஒரு லிட்டர் குறைந்தால் 35 பிபிடி 36.8 ஆகிவிடும். ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால் இரண்டு லிட்டர் போயிருக்கும், அளவு 38.9. மட்டம் இறங்கியதைப் பார்த்துப் பதறிப்போய் அந்த இரண்டு லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றினால், உள்ளே இருக்கும் நத்தைக்கும் இறாலுக்கும் அது இரண்டாவது அடி. அரை லிட்டராகப் பிரித்து, அன்று முழுக்க நேரம் விட்டு விட்டு ஊற்றுங்கள். ஊற்றுவது உப்பில்லாத தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம், ஈடு செய்யும்போது உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குறைந்த தண்ணீரைத் தானே ஈடு செய்யும் டாப்-அப் கருவி வைத்திருந்தால் நல்லதுதான், ஆனால் அதன் சேமிப்புப் பாத்திரம் சின்னதாக இருக்கட்டும். மிதவை சிக்கிக்கொண்டு பம்ப் நிற்காமல் ஓடினால் இரண்டு லிட்டர் பாத்திரம் ஓரளவு சேதத்தோடு போகும், பத்து லிட்டர் பக்கெட் என்றால் தரையும் நனையும், டேங்க்கும் முடியும்.

எந்தத் தண்ணீர் என்பதிலும் கவனம் தேவை. வீட்டுக் குடிநீர் ஆர்ஓ மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் போர் தண்ணீரைத் திரும்பக் கலப்பதற்கு ஒரு திருகு இருக்கும், அதனால் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 60, 80 என்று காட்டும். நமக்கு வேண்டியது பூஜ்யம், இல்லை அதற்குப் பக்கத்தில். அந்தத் திருகை மூடிவிட்டு, மிச்சத்தையும் உறிஞ்சிவிடும் டிஐ கேட்ரிட்ஜ் ஒன்றைக் கடைசியில் சேர்த்தால் போதும். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, மெரினாவில் ஒரு கேன் பிடித்து வந்தால் என்ன என்று கேட்பார்கள். வடக்கே கூவம் முகத்துவாரம், தெற்கே அடையாறு முகத்துவாரம், நடுவில் மெரினா. அதற்கு மேல் வடகிழக்குப் பருவமழையின்போது கரையோரத்தில் உப்பே குறைந்துவிடும். உப்புப் பொடி வாங்கிக் கலக்குங்கள், லிட்டருக்குச் சுமார் 36 கிராம், கலக்கிய பின் அளந்து சரிசெய்தால் போச்சு.

"புது மீன் இரண்டு மூன்று நாளில் செத்துவிட்டது"

டேங்க் வைத்து எத்தனை வாரம்? மூன்று வாரத்துக்குக் குறைவு என்றால் அநேகமாகக் காரணம் அம்மோனியா. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் எடுக்கும். பாட்டில் பாக்டீரியா அதைச் சுருக்கும், ஆனால் இல்லாமல் ஆக்காது. நாள்கணக்கை நம்பாமல் சோதனை செய்யுங்கள். அம்மோனியா 2 பிபிஎம் வரும்படி அம்மோனியம் குளோரைடு போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் டேங்க் தயார். வரவில்லையென்றால் தயார் இல்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. மீன் உள்ளே இருக்கும்போதே அம்மோனியா காட்டினால், உப்பும் சூடும் பொருத்திய புதுத் தண்ணீரில் பாதியை உடனே மாற்றுங்கள், மறுநாள் மறுபடி அளந்து தேவைப்பட்டால் இன்னொரு பாதி.

டேங்க் பழசு, அம்மோனியா பூஜ்யம், இருந்தும் மீன் செத்தது என்றால் அந்தக் கடையின் தண்ணீரைச் சந்தேகியுங்கள். பல கடைகளில் மீன் தொட்டிகளை 1.018, 1.020 என்று குறைந்த உப்பில் ஓட்டுவார்கள். உப்புச் செலவு மிச்சம், ஒட்டுண்ணியும் கொஞ்சம் அடங்கியிருக்கும், தப்பாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மீனை அப்படியே உங்கள் 1.026-ல் போட்டால் அன்று நன்றாக நீந்தும், மூன்றாம் நாள் மூலையில் கிடக்கும். பையை மூடியபடியே 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் பைத் தண்ணீரை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். வித்தியாசம் 0.002-க்குள் இருந்தால் மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் ஒரு பிளாஸ்டிக் டப்பில் கடையின் உப்பளவிலேயே தண்ணீர் கலந்து, ஏற்கெனவே பாக்டீரியா குடியேறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைப் போட்டு, மீனை அதில் வைத்துத் தினம் கொஞ்சமாக உப்பை ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

பைத் தண்ணீரில் குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் விடுவது பல நேரம் கெடுதலாகவே முடிகிறது. நீண்ட தூரம் வந்த பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அந்த நிலையில் அம்மோனியா அவ்வளவாக விஷமில்லை. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகிவிடும். நீங்கள் பொறுமையாகச் சொட்டு விட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் மீன் அதற்குள்தான் இருக்கிறது. பைத் தண்ணீரை டேங்க்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

"காலையில் மீனையே காணோம்"

ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையைப் பாருங்கள், எறும்பு வரிசை வழி காட்டும். ஃபயர்ஃபிஷ், ராஸ், கோபி எல்லாம் குதிக்கிற சாதி. கண்ணாடி மூடியை விட வலை மூடி நல்லது, காற்றும் போகும் சூடும் தங்காது. வயர் போகும் ஓட்டை விரல் அகலம் இருந்தாலும் அதன் வழியாகப் போகும். தரையில் இல்லையென்றால் உள்ளே செத்திருக்கும், ஹெர்மிட் நண்டும் நசேரியஸ் நத்தையும் ஒரே இரவில் தடயமில்லாமல் முடித்துவிடும். அம்மோனியாவை ஒரு வாரம் தினமும் பாருங்கள், ஏறினால் கல்லைத் தூக்கித் தேடுங்கள்.

"இரண்டு மீன்தான், ஒன்று பம்ப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே இருக்கிறது"

துடுப்பின் ஓரத்தைக் கவனியுங்கள். கிழிந்திருந்தால் நோயல்ல, அடி வாங்குகிறது. சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் போனால் மரைன் என்றதும் முதலில் கையில் கொடுப்பது நீல டாம்சல். நல்ல நிறம், விலை குறைவு, எதையும் தாங்கும். ஒரு அடி டேங்க்கில் போட்டால் முழு டேங்க்கும் அதன் சொத்து, பிறகு எதைப் போட்டாலும் அடிக்கும். கல்லை மாற்றி அடுக்குவது, கண்ணாடி வைப்பது எல்லாம் நாலடி டேங்க்கில் சரி, இங்கே ஓடி ஒளிய இடமில்லை. டாம்சலை எடுத்துவிடுவதுதான் வழி. பிடிப்பதற்குக் கல்லையெல்லாம் வெளியே எடுக்க வேண்டியிருக்கும், பகலில் துரத்தாதீர்கள். இரவில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால் அது தூங்கும் பொந்து தெரியும், அந்தக் கல்லோடு அப்படியே தூக்கிவிடலாம்.

இரண்டு கிளவுன் என்றால் கதை வேறு. கடையில் நீமோ என்று கேட்டால்தான் தருவார்கள். இந்த இனத்தில் எல்லாம் ஆணாகத் தொடங்கி, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஒரே அளவில் இரண்டை வாங்கினால் யார் பெண் என்று முடிவாகும்வரை சண்டைதான். ஒன்று பெரிது, ஒன்று கண்ணுக்குத் தெரிகிற அளவு சின்னது என்று வாங்கினால் சின்னது உடம்பை நடுக்கிக் காட்டி அடங்கிவிடும், சீக்கிரம் முடியும். ஆனால் பெண் 8, 9 சென்டிமீட்டர் வளரும். 20 லிட்டரில் இந்த ஜோடியை வைக்காதீர்கள், 40 லிட்டருக்கு மேல் யோசியுங்கள். வைப்பதானால் கடலில் பிடித்ததை விடப் பண்ணையில் வளர்ந்ததைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே கிளவுன் இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள், பண்ணை மீன் உலர் தீவனத்தை முதல் நாளே சாப்பிடும். பூப்போல் விரிந்து கொட்டும் கடல் விலங்கான அனிமோன் இல்லாமல் கிளவுன் வாழாது என்பது கட்டுக்கதை. அனிமோன்தான் இந்த டேங்க்கில் வாழாது, நகர்ந்து நகர்ந்து போய், தண்ணீரைச் சுழற்றும் பம்ப்பான பவர்ஹெட்டில் மாட்டி அரைபட்டால் அன்றோடு எல்லாம் போச்சு.

சேர்க்கவே கூடாதவை என்று தனியாகப் பட்டியல் போட விருப்பமில்லை, இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டையும்தான் தலையில் கட்டுவார்கள். மாண்டரின் மீன் நாள் முழுக்கக் கல்லில் உள்ள கோப்பெபாட் என்ற நுண்ணிய உயிர்களைக் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும், உங்கள் டேங்க்கில் இருப்பதைச் சில நாளில் தீர்த்துவிட்டு, பிறகு மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும். மேலிருந்து பார்த்து முதுகு கத்தி முனை போல ஒடுங்கியிருந்தால் அதுதான் நடக்கிறது. நீல டாங் கைப்பிடியளவில் அழகாக இருக்கும், வளர்ந்தால் ஒரு அடி. டேங்க்கே ஒரு அடி.

"மீன் நன்றாக இருக்கிறது, இறாலும் நத்தையும் மட்டும் சாகின்றன"

முதலில், செத்தது இறால்தானா என்று பாருங்கள். இறால் தோலுரிக்கும்போது மீசை, கால் உட்பட முழு உருவமும் அப்படியே கழன்று விழும். இடுக்கியால் எடுத்தால் எடையே இருக்காது, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடித்தாளாகத் தெரியும், முதுகும் வாலும் சேரும் இடத்தில் பிளந்திருக்கும். செத்த இறால் ஒளி ஊடுருவாமல் வெளுத்துச் சிவந்து கனமாக இருக்கும். உரித்த இறால் ஓடு கெட்டியாகும்வரை ஓரிரு நாள் பொந்தை விட்டு வராது, தேடிக் கலைக்காதீர்கள்.

நிஜமாகவே சாகிறது என்றால் உப்பு ஆடியிருக்கிறதா என்று முன்பு சொன்னதைப் பாருங்கள். அது சரி என்றால், கொசு மருந்து. படுக்கையறையில் டேங்க், பக்கத்து பிளக்கில் கொசு லிக்விட், ஏர் பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீரில் விடுகிறது. அதில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்து பூச்சிகளுக்கு எப்படியோ அப்படித்தான் இறாலுக்கும் நண்டுக்கும், மீனுக்கும் விஷம்தான், ஆனால் இறால்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கரப்பான் பூச்சி ஸ்பிரே, வீட்டுக்குச் செய்யும் பெஸ்ட் கன்ட்ரோல் எல்லாம் இதே கணக்கு. லிக்விடை எடுத்துவிட்டுக் கொசுவலை கட்டுங்கள், தண்ணீரில் உள்ள நஞ்சை உறிஞ்சும் கார்பன் பையைப் புதிதாக மாற்றுங்கள், நாலு லிட்டர் நாலு லிட்டராக இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றுங்கள்.

இன்னொரு காரணம் செம்பு. பழைய டேங்க்கை வாங்கியிருந்தால் அதில் முன்பு மீன் மருந்து போட்டிருக்கலாம், செம்பு கல்லிலும் மணலிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கசியும். அந்தக் கல்லையும் மணலையும் தூக்கிப் போடுங்கள், கழுவி மீட்க முடியாது. பித்தளைக் குழாய்ப் பொருத்து ஏதாவது தண்ணீரில் படுகிறதா என்றும் பாருங்கள்.

நத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் குறைகிறது என்றால் அநேகமாகப் பட்டினி. 'கிளீனப் குரூ' என்று பத்து நத்தை, பத்து ஹெர்மிட் கட்டித் தருவார்கள், ஒரு அடி டேங்க்கில் அத்தனைக்கும் பாசி ஏது? மூன்று ட்ரோகஸ் அல்லது செரித் போதும், அதுவும் பாசி கண்ணில் பட்ட பிறகு. ட்ரோகஸைச் சொல்வதற்குக் காரணம், கவிழ்ந்தால் தானே திரும்பிக்கொள்ளும், சில நத்தைகள் மல்லாந்த இடத்திலேயே கிடந்து சாகும். பெரிய டர்போ வேண்டாம், ஒட்டாமல் வைத்திருக்கும் பவளத் துண்டையெல்லாம் புரட்டிப் போட்டுவிடும். ஹெர்மிட் ஓட்டுக்காக நத்தையைக் கொல்லும், கொஞ்சம் பெரிய காலி ஓடு நாலைந்து மணலில் போட்டு வையுங்கள். நாள்கணக்கில் அசையாத நத்தையை எடுத்து முகர்ந்து பாருங்கள், செத்திருந்தால் சந்தேகமே வராது. 20 லிட்டரில் ஒரு செத்த நத்தை அம்மோனியாவை ஏற்றிவிடும்.

"மணல் மேல் பழுப்பாகப் படிகிறது"

மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் எதிரும் புதிருமாக இருப்பதால் எது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்.

டேங்க் வைத்து இரண்டு மூன்று வாரத்தில், தூசு படிந்த மாதிரி, துடைத்தால் போய் மறுநாள் வந்தால் டயாட்டம். தண்ணீரில், மணலில் உள்ள சிலிகேட்டைத் தின்று வளர்கிறது, தீர்ந்ததும் அடங்கும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

கருஞ்சிவப்பு, ஊதா நிறத்தில் ஒரு போர்வையாக மூடி, குழாயால் தொட்டால் தகடு தகடாக உரிந்து வந்தால் சயனோ. அது பாசியே அல்ல, பாக்டீரியா. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலையில்தான் தொடங்கும். உறிஞ்சி எடுத்து, பவர்ஹெட்டை அந்த மூலைப் பக்கம் திருப்பி, தீனியைக் குறையுங்கள். ஆன்டிபயாட்டிக் பொடியைப் போட்டால் ஒரே நாளில் மாயமாக மறையும்தான், ஆனால் இவ்வளவு சின்ன டேங்க்கில் நல்ல பாக்டீரியாவும் பாதிக்கப்பட்டால் தாங்கிப் பிடிக்க வேறெதுவும் இல்லை. நான் அதன் பக்கம் போக மாட்டேன்.

மூக்குச்சளி மாதிரி பழுப்பு இழை, இழை நுனியில் காற்றுக்குமிழி, மாலையில் நிறைய, காலையில் விளக்குப் போடும் முன் பார்த்தால் கொஞ்சமே, கூடவே நத்தைகள் மந்தமாகிச் சாகின்றன என்றால் டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். உறுதி செய்ய மைக்ரோஸ்கோப் வேண்டும் என்பதில்லை. அந்தச் சளியை டேங்க் தண்ணீரோடு கொஞ்சம் உறிஞ்சி, சின்ன பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, காபி ஃபில்டர் காகிதத்தில் வடிகட்டுங்கள். வடிந்த தெளிந்த தண்ணீரை விளக்குக்குக் கீழே ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடியும் ஒன்றுகூடி இழையாகத் திரண்டால் அதேதான்.

டைனோ பெரும்பாலும் அளவுக்கு மீறிச் சுத்தம் பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வருவது. நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று பெருமையாகச் சொல்லும் டேங்க்கில், போட்டிக்கு வேறு பாசியோ பாக்டீரியாவோ பிழைக்க முடியாத வெற்றிடத்தில் அது எழும். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் நிறுத்துங்கள், தீனியைக் கூட்டி நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 அளவுக்காவது வரவிடுங்கள். மணலை உறிஞ்சும்போது குழாயின் மறுமுனையில் ஃபில்டர் சாக் கட்டி, வடிந்த தண்ணீரையே திரும்ப ஊற்றினால் தண்ணீர் மாற்றாமலே அழுக்கை எடுக்கலாம். மூன்று நாள் விளக்கு அணைத்து வைப்பதும் உதவும். பொறுமை வேண்டும், வாரக்கணக்கில் ஆகும்.

"கல் முழுக்கப் பச்சை முடி"

தீனி. மைசிஸ் என்ற குட்டி இறாலை உறைய வைத்த கட்டியைப் பாதியாகவோ கால்வாசியாகவோ வெட்டி, வடிகட்டியில் போட்டு ஆர்ஓ தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள், அந்தக் கலங்கல் தண்ணீரிலும் பாஸ்பேட் இருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் மீன் ஒன்றுக்கு முழுக் கட்டி எதற்கு? கல்லை வெளியே எடுத்து, பக்கெட்டில் டேங்க் தண்ணீர் வைத்து, பழைய பிரஷால் தேய்த்து அலசித் திரும்ப வையுங்கள். பெரிய டேங்க்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது. விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் டேங்க்கின் இடத்தை மாற்றுங்கள். ஆர்ஓ மெம்ப்ரேன் பழசாகி டிடிஎஸ் ஏறியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

"சோவா மூடியே கிடக்கிறது"

கொத்தாகப் பூப்போல் விரியும் மென்பவளம்தான் சோவா. புதிதாக வைத்ததென்றால் ஒரு வாரம் விடுங்கள். ஏற்கெனவே விரிந்துகொண்டிருந்தது மூடினால், டார்ச்சோடு இரவில் பாருங்கள். ஹெர்மிட் மேலே ஏறி நடந்தாலே மூடும், நூடிபிராங்க் என்ற ஓடில்லாத குட்டிக் கடல் நத்தை சோவா நிறத்திலேயே இதழுக்கடியில் இருந்து தின்னும், பக்கத்தில் ஐப்டேசியா என்ற குட்டி அனிமோன் முளைத்துக் கொட்டும். பழுப்புக் கண்ணாடிப் பூவாக நிற்கும் இந்த ஐப்டேசியாவை வெட்டாதீர்கள், துண்டெல்லாம் புதிதாக முளைக்கும். சுண்ணாம்புக் கரைசலை, அதாவது கால்க்வாசரை, குழைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் வாயை மூடுவதுபோல் வையுங்கள், முடிந்தால் கல்லை வெளியே எடுத்து வைத்து இதைச் செய்யுங்கள்.

தண்டு நீண்டு எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை, மேலே வையுங்கள். நிறம் வெளுத்துச் சுருங்கினால் வெளிச்சம் அதிகம், கீழே வையுங்கள். ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றிவிட்டு மறுநாளே பலன் பார்க்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். சோவா, பாலிதோவா குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல், கையில் காயத்தோடு தொடாதீர்கள், வெட்டும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். சோவா பிடித்த கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றுவதோ கொதிக்க வைப்பதோ கூடவே கூடாது, அந்த ஆவியை மூச்சில் இழுத்தால் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போக நேரிடும்.

"லெதர் கோரல் பளபளவென்று மூடிக்கொண்டது"

தோலுரிக்கிறது. மெழுகுப் படலம் ஒன்று வரும், ஓட்டம் பட்டால் கழன்று போகும், ஓரிரு வாரம் ஆகலாம். இடையில் கார்பனை மாற்றுங்கள், லெதர் வெளியிடும் ரசாயனம் சின்ன டேங்க்கில் மற்ற பவளங்களைக் குறுக வைக்கும்.

"பவளம் வெளுக்கிறது"

ஏப்ரல், மே என்றால் முதலில் தெர்மோமீட்டர். 30 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றிவிடும், அதுதான் வெளுப்பு. மன்னார் வளைகுடாவிலேயே 2010-லும் 2016-லும் கோடையில் நடந்தது இதுதான், 20 லிட்டருக்கு மட்டும் விதிவிலக்கு இருக்காது. ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் புழுக்கமான நாளில் அவ்வளவு குறையாது. ஃபேன் ஓடினால் ஆவியாவதும் கூடும், டாப்-அப்பும் கூடும். விளக்கை இரவு நேரத்துக்கு மாற்றினால் பகல் சூடும் விளக்குச் சூடும் ஒன்றாகச் சேராது. ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள், மூடிய பாட்டிலில் உறைய வைத்து மிதக்கவிடலாம், அவசரத்துக்கு மட்டும்.

வெளுப்பது கல் பவளம் என்றால் வேறு கேள்வி ஒன்று இருக்கிறது. கல் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை, நம் கடலில் இருந்து எடுத்ததை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். 'லைவ் ராக்' என்று விற்கும் செத்த பவளக்கல்லும் இதில் மாட்டும். செராமிக் கல்லில் பாக்டீரியா நன்றாகவே குடியேறும், மஷ்ரூம், சோவா, லெதர், ஜெனியா என்று மென்பவளங்களே இந்த டேங்க்குக்குத் தாராளம். ஜெனியாவைத் தனிக் கல்லில் வையுங்கள், பிரதானக் கல்லில் ஏறினால் வேறெதற்கும் இடம் வைக்காது.

"மீன் மேல் வெள்ளைப் புள்ளி"

உப்புத்தூள் தெளித்த மாதிரி, எண்ணிவிடலாம் போல் இருந்தால் கிரிப்டோகாரியான், நாம் வழக்கமாகச் சொல்லும் மரைன் இக். சில நாளில் புள்ளி தானே உதிரும். அன்று போட்டிருந்த பூண்டுச் சாறோ ஏதோ பாட்டிலோ வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உதிர்ந்தது மணலில் கூடு கட்டிப் பெருகி, முன்பைவிட அதிகமாகத் திரும்ப வரும். செம்பு மருந்து வேலை செய்யும், ஆனால் அதை இறாலும் பவளமும் உள்ள டேங்க்கில் போட முடியாது. ஆகவே மீனைத் தனி டப்புக்கு மாற்றி, மருந்தின் அட்டையில் சொன்ன அளவுப்படி செம்புச் சோதனை கிட் வைத்து அளந்து கொடுங்கள், டேங்க்கில் பத்துப் பதினொரு வாரம் மீனே வேண்டாம். மீன் இல்லாமல் அந்த ஒட்டுண்ணி பிழைக்காது. ஒரே மீன் வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள்.

மாவு தூவிய மாதிரி மிக நுண்ணியதாக, மீன் வேகமாக மூச்சு வாங்கி, பம்ப்பின் ஓட்டத்துக்கு நேராகப் போய் நின்றால் வெல்வெட். இதில் யோசிக்க நேரமில்லை, அன்றே டப்புக்கு மாற்றுங்கள்.

"தண்ணீர் பால் நிறமாகிவிட்டது"

புது டேங்க்கில் மணல் தூளாக இருக்கலாம், ஒரு நாளில் படியும். பழைய டேங்க்கில் என்றால் பாக்டீரியா பெருக்கம், ஆக்சிஜனைக் குடித்துவிடும். ஏர் ஸ்டோன் போடுங்கள், பாக்டீரியாவுக்குத் தீனியாகச் சர்க்கரை, வோட்கா, இல்லை பாக்டீரியா பாட்டில் எது ஊற்றிக்கொண்டிருந்தாலும் நிறுத்துங்கள், எதுவும் செத்துக் கிடக்கிறதா என்று தேடுங்கள். சில சமயம் நத்தை முட்டையிட்டிருக்கும், அது ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

"கரண்ட் போய் வந்த பிறகு எல்லாம் மேலே வந்து வாய் பிளக்கின்றன"

யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும் வாங்கி வைத்துவிடுங்கள், 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஓர் இரவைத் தாராளமாகக் கடத்தும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் விளக்கை விட்டுவிட்டு பவர்ஹெட்டை மட்டும் அதில் மாட்டுங்கள், நாலைந்து வாட்தான் எடுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரியும் தீர்ந்தால் ஒரு டம்ளரில் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருங்கள், கால் மணிக்கு ஒருமுறை. தீனி போடாதீர்கள்.

"எல்லாம் நன்றாகப் போகிறது, இன்னொரு மீன் வாங்கலாமா?"

இதையும் அறிகுறியாகத்தான் வைத்திருக்கிறேன். இந்த அளவு டேங்க்கில் ஒரு கிளவுன் கோபி அல்லது ஒரு நியான் கோபி, கடையில் செக்ஸி ஷ்ரிம்ப் என்று கேட்டால் தரும் குட்டி இறால் இரண்டு, மூன்று நத்தை, ஒரு ஹெர்மிட், மிச்ச இடத்துக்கு மென்பவளம். இதற்கு மேல் போகாதீர்கள். மீனே இல்லாமல் இறாலும் பவளமும் மட்டும் வைத்த ஒரு அடி டேங்க்தான் எனக்குப் பிடித்தது, தீனி குறைவு, பாசி குறைவு, வாரம் நாலு லிட்டர் மாற்றினால் போதும். கை துறுதுறுத்தால் மீனுக்குப் பதில் இன்னொரு நிற சோவா துண்டு வாங்குங்கள், ஐந்து பாலிப், அதாவது ஐந்து பூ, உள்ளது போதும், ஒட்டிய பூச்சி போக ஒரு பக்கெட்டில் மருந்துத் தண்ணீரில் முக்கி, அதாவது டிப் கொடுத்துவிட்டு வையுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டேன், இடம் போதவில்லை என்றால் கடைக்காரரிடம் பேசுங்கள், பலர் பாதி விலைக்கோ வேறு பொருளுக்கு மாற்றாகவோ திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கடலில் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள், அது எந்தக் கடலில் இருந்து வந்தது, என்ன ஒட்டுண்ணியைச் சுமக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.